பாய் விரிக்கும் முன்...

கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பாய்மரப் படகு மிக எளிய கருவியாகத் தோன்றும். ஒரு மரம், ஒரு துணி, சில கயிறுகள். எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மோட்டார் படகில் எஞ்சினை நிறுத்தினால் விசை நின்றுவிடுகிறது. பாய்மரப் படகிலோ காற்றை நிறுத்துவதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. காற்றின் விசையை ஏற்பது, அளவோடு பயன்படுத்துவது, வேண்டாதபோது விட்டுவிடுவது ஆகிய மூன்று வேலைகளையும் கயிறுகளே செய்தாக வேண்டும்.

அந்தக் கயிறுகளைக் கட்டும் இடம் கடல் அன்று, கரை. நீரில் இறங்கியபின் படகு ஆடும், பாய் படபடக்கும், கைகள் இரண்டும் வேறு வேலையில் இருக்கும். அப்போது ஒரு முடிச்சைச் சரி செய்வது பெரியவர்களுக்கே கடினம். ஆகவேதான் படகுப் பயிற்சிக்கு வரும் சிறுவர்களுக்குப் படகு செலுத்துவதைக் கற்பிக்கும் முன்பே படகைப் பூட்டுவதைக் கற்பிக்கிறார்கள். மரத்தை நிறுத்திப் பாயையும் கயிறுகளையும் உரிய இடங்களில் இணைப்பதையே பூட்டுதல் என்கிறோம். இதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் செய்யப்படும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் எந்த முடிச்சும் மறந்துபோகாது.

சிறுவர்களுக்கென்று பிறந்த படகு

நம் விளக்கத்துக்கு ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற படகை எடுத்துக்கொள்வோம். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள கிளியர்வாட்டர் என்ற ஊரில் இது உருவாயிற்று. அவ்வூரில் ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற பெயரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. சிறுவர்கள் மரப்பெட்டிகளைக் கொண்டு செய்த வண்டிகளில் பந்தயம் விடுவது அந்நாளில் வழக்கம். அதைப்போல் குறைந்த செலவில் ஒரு படகு செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுநர் அதற்கு வடிவம் தந்தார். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகைகளைக் கொண்டே கட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் இப்படகின் நீளம் 8 அடிக்குச் சற்றுக் குறைவாக, 2.3 மீட்டராக அமைந்தது. முன்பக்கமும் கூர்மையாக இல்லாமல், வெட்டி விட்டதுபோல் சப்பையாக இருக்கும்.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இப்படகைத் தனியாகச் செலுத்துகிறார்கள். தற்போது பெரும்பாலும் கண்ணாடியிழையால் செய்யப்படும் இதன் உடல் 35 கிலோகிராம் எடையுள்ளது. பாயின் பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். அதாவது நம் வீட்டுக் கதவு இரண்டைச் சேர்த்து வைத்த அளவு.

இதன் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். நிமிர்ந்து நிற்பது பாய்மரம். பாயின் அடிவிளிம்பை ஒட்டிப் படுத்த நிலையில் இருப்பது அடிக்கழி. படகோட்டிகள் இதைப் ‘பூம்’ என்பார்கள். பாய்மரத்தின் நடுப்பகுதியிலிருந்து சாய்வாக மேலெழுந்து, பாயின் உச்சி மூலையைத் தாங்கி நிற்பது தாங்குகழி. இதற்கு ‘ஸ்பிரிட்’ என்று பெயர். படகின் நடுவே ஒரு பிளவின் வழியாக நீருக்குள் இறங்கும் பலகை நடுப்பலகை. பின்னால் இருப்பது சுக்கான். அடிக்கழியை இழுத்துப் பாயை உள்ளே கொண்டுவரும் கயிறு ஒன்று உண்டு. நம் கடலோடிகள் பாயை ஆளும் கயிற்றைத் ‘தாமான்’ என்பார்கள். அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துவோம்.

காற்று படகை எப்படி ஓட்டுகிறது?

காற்று பின்னாலிருந்து வீசினால் படகு முன்னே போகும். இதில் வியப்பில்லை. ஆனால் காற்று பக்கவாட்டில் வீசும்போதும், ஏன், சற்று எதிராக வீசும்போதும்கூடப் பாய்மரப் படகு முன்னேறுகிறதே, அது எப்படி?

நன்றாகப் பூட்டப்பட்ட பாய் தட்டையான துணியன்று. அது விமானத்தின் இறக்கையைப்போல் மெல்லிய வளைவு கொண்டது. காற்று அந்த வளைவை ஒட்டி ஓடும்போது அதன் திசை திரும்புகிறது. பாய் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பினால், காற்று பாயை எதிர்ப்பக்கமாகத் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. வளைவின் புறப்பக்கத்தில் அழுத்தம் குறைந்தும், உட்பக்கத்தில் மிகுந்தும் இருப்பதை அளந்தும் காணலாம்.

இவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு சிறு பகுதியே முன்னோக்கி இருக்கும். பக்கவாட்டு நகர்வைத் தடுப்பது நீருக்குள் இருக்கும் நடுப்பலகை. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் இரண்டும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னோக்கிப் பாய்கிறது. காற்றுக்கும் நீருக்கும் நடுவே அகப்பட்ட படகின் நிலையும் இதுவே. ஆனால் காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் செல்ல முடியாது. அத்திசையின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை பாய் வெறும் கொடியாகப் படபடக்கும்.

இவ்விசை எவ்வளவு? நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தனக்கு எதிரே உள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 15 நியூட்டன் அழுத்தம் தருகிறது. ஆப்டிமிஸ்ட் பாயின்மேல் மொத்தம் 50 நியூட்டன். அதாவது 5 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளல். காற்றின் வேகம் இருமடங்காகி நொடிக்கு 10 மீட்டர் ஆனால் தள்ளல் எவ்வளவு ஆகும்? 10 கிலோகிராம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. எனவே தள்ளல் நான்கு மடங்காகி 20 கிலோகிராம் எடைக்குச் சமமாகிறது.

இனி நெம்புகோல் விதியைப் பயன்படுத்துவோம். பாயில் காற்று தள்ளும் மையத்துக்கும் நீரில் நடுப்பலகை எதிர்த்துத் தாங்கும் மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.5 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மெல்லிய காற்றில் படகைக் கவிழ்க்க முயலும் திருப்புதிறன் 5 × 1.5 = 7.5. படகில் இருக்கும் சிறுவனின் எடை 40 கிலோகிராம் என்றால், அவன் படகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலே இதற்கு ஈடாகிவிடும். பலத்த காற்றில் இது 20 × 1.5 = 30 ஆகிறது. அவன் விளிம்பில் அமர்ந்து உடலை வெளியே சாய்த்து, தன் எடையை நடுக்கோட்டிலிருந்து 0.7 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனாலும் 40 × 0.7 = 28 தான் கிடைக்கும். இது தோராயக் கணக்கே. படகின் சொந்த நிலைப்பும் சிறிது உதவும். ஆனாலும் உண்மை தெளிவாகிறது. காற்று சற்று வலுத்தாலே படகோட்டியின் எடை போதாமற் போகும். பாயிலிருந்து காற்றை உடனே விட்டுவிட வேண்டிவரும்.

ஆகவே பூட்டும்போது நம் நோக்கங்கள் இரண்டு. பாய்க்குச் சரியான வளைவைத் தந்து, விசையை நம் கைக்குள் வைத்திருப்பது ஒன்று. படகு கவிழ்ந்தாலும் அதன் உறுப்பு எதுவும் பிரிந்து போகாமல் காப்பது மற்றொன்று. இனிவரும் ஒவ்வொரு வேலையும் இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்ததாக இருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள்

படகைத் தொடும் முன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அது புறப்படும் திசையைக் கொண்டே வைத்தார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மாலுமிகளுக்கும் இதுவே முறை.

சென்னை போன்ற கிழக்குக் கரை ஊர்களில் நண்பகல் அளவில் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். வெயிலில் நிலம் விரைவில் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழ, கடலின் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி வருகிறது. இக்காற்று, தடுமாறும் படகையும் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அப்படிப்பட்டதன்று. கரையோரம் கட்டடங்களும் மரங்களும் மறைப்பதால் நீர் அமைதியாகத் தோன்றும், அலையும் இராது. சிறிது தூரம் போனவுடன் காற்று வலுக்கும். ஏதேனும் ஒன்று பழுதானால் படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். கற்றுக்கொள்பவர்கள் இத்தகைய காற்றில் துணைப்படகு இல்லாமல் இறங்கவே கூடாது. வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் படகைப் பூட்டவே வேண்டாம்.

காற்றின் திசை தெரிந்ததும் படகின் முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி வையுங்கள். பூட்டி முடிக்கும்வரை படகு இப்படியே இருக்க வேண்டும். முகப்பு காற்றைப் பார்த்திருந்தால் பாய் கொடிபோல் பின்னோக்கிப் படபடக்கும், விசையை ஏற்காது. படகு பக்கவாட்டில் இருந்தால் பாயை ஏற்றியவுடன் அது கரையிலேயே சாய்ந்துவிடும். அடிக்கழி சுழன்று அருகில் நிற்பவர் தலையில் அடிக்கவும் கூடும்.

வெறும் படகைச் சோதித்தல்

ஆப்டிமிஸ்ட் ஒரு திறந்த தொட்டி போன்றது. கவிழ்ந்தால் அதில் நீர் நிறையும். அதை மூழ்காமல் காப்பவை உள்ளே வார்களால் கட்டப்பட்டிருக்கும் மூன்று காற்றுப் பைகள். ஆர்க்கிமிடீசு விதிப்படி, 40 லிட்டர் கொள்ளளவுள்ள பை ஒன்று முழுதும் நீரில் அமிழ்ந்தால் ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையைத் தாங்கும். அதே பை பாதி ஊதப்பட்டிருந்தால் 20 கிலோகிராமைத்தான் தாங்கும். ஆகவே ஒவ்வொரு பையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வார்களையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வார் அவிழ்ந்தால் பை மட்டும் மிதக்கும், படகு மிதக்காது.

அடுத்தது நீர் இறைக்கும் குவளை. படகின் அடித்தளம் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். அதில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் 100 லிட்டர். அதாவது 100 கிலோகிராம்! படகின் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த நீர் ஓரிடத்தில் நிற்காது. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே ஓடி, சாய்வை இன்னும் பெரிதாக்கும். எனவே குவளை படகில் கட்டப்பட்டே இருக்க வேண்டும். கட்டாத குவளை, தேவைப்படும் நேரத்தில் கைக்கெட்டாத தூரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

முகப்பில் ஓர் இழுகயிறு இருக்க வேண்டும். துணைப்படகு நம்மை இழுத்துச் செல்ல இது உதவும். இதற்குப் பாலிபுரொப்பிலீன் கயிறு ஏற்றது. அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு, ஆகையால் மிதக்கும். நைலான் கயிறும் பாலியெஸ்டர் கயிறும் நீரில் அமிழ்ந்து, துணைப்படகின் சுழல்விசிறியில் சிக்கக்கூடும்.

பாயைக் கழிகளில் கட்டுதல்

பாய்மரத்தைத் தரையில் கிடத்திப் பாயின் முன்விளிம்பை அதனோடு கட்டுகிறோம். விளிம்பு நெடுகிலும் உள்ள சிறு வளையங்களில் மெல்லிய கயிறுகள் கோத்து ஒவ்வொன்றையும் மரத்தைச் சுற்றி முடிய வேண்டும். பாய்க்கும் மரத்துக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது போட்டி விதி. விதியைவிட அதன் காரணம் முக்கியமானது. இடைவெளி அதிகமானால் அதன் வழியே காற்று ஒழுகும். இறக்கையில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகும். மேலும், ஒரு கட்டு இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருந்தால் பாயில் சுருக்கங்கள் விழுந்து வளைவே கெட்டுவிடும். எல்லாக் கட்டுகளும் ஒரே அளவாக இருப்பதே அழகு.

இதற்குச் சதுர முடிச்சு போதும். வலக்கை நுனியை இடக்கை நுனிமேல் போட்டு ஒருமுறை முடியுங்கள். பிறகு இடக்கைப் பக்கம் வந்த நுனியை வலப்பக்க நுனிமேல் போட்டு இன்னொரு முறை முடியுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் அது வழுக்கி அவிழும். சரியாகப் போட்ட முடிச்சு, இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டதுபோல் தட்டையாகப் படியும்.

இதேபோல் பாயின் கீழ்விளிம்பை அடிக்கழியில் கட்டுகிறோம். அடிக்கழியின் முன்முனை கவைபோல் பிளந்து பாய்மரத்தை அணைத்து நிற்கும். பின்முனையில் பாயின் வெளிமூலையைப் பின்னோக்கி இழுக்கும் ஒரு கயிறு உண்டு. இதை இறுக்கினால் பாயின் கீழ்ப்பகுதி தட்டையாகும், தளர்த்தினால் குழிவாகும். மெல்லிய காற்றில் சற்றுக் குழிவான பாயும், பலத்த காற்றில் தட்டையான பாயும் ஏற்றவை. குழிவு மிகுந்தால் காற்றைத் திருப்பும் அளவும் மிகும். ஆகவே விசையும் மிகும்.

மரத்தை நிறுத்துதல்

பாய்மரத்தைத் தூக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி செல்கிறதா? இக்காலத்துப் பாய்மரங்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்கம்பிக்கு அருகே படகைப் பூட்டுவதோ, மரத்தை நிறுத்தியபடி கம்பியின் கீழ் படகை உருட்டிச் செல்வதோ உயிருக்கே ஆபத்து.

பாய்மரம், படகின் குறுக்குப் பலகையில் உள்ள துளை வழியே இறங்கி, அடித்தளத்தில் உள்ள குழியில் பொருந்துகிறது. துளைக்கு நேராக, செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் மரம் நெம்புகோலாக மாறிப் பலகையைப் பிளந்துவிடும்.

பொருந்திய மரத்தை அங்கேயே பிடித்து வைக்க ஒரு பூட்டு உண்டு. சில படகுகளில் கயிற்றுக் கட்டு இருக்கும். கற்றுக்குட்டிகள் அடிக்கடி மறப்பது இதைத்தான். மரம் குழியில் நன்றாகத்தானே நிற்கிறது, பூட்டு எதற்கு என்று தோன்றும். மரத்தைக் குழியில் நிறுத்தி வைப்பது புவியீர்ப்பு. படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் அதே புவியீர்ப்பு மரத்தைக் குழியிலிருந்து வெளியே இழுக்கும். அடிமுனை குழியை விட்டு நழுவிய நிலையில் படகை நிமிர்த்த முயன்றால், மரம் குறுக்குப் பலகையை நெம்பி உடைக்கும். அல்லது படகோட்டியின் மேல் விழும். எனவே பூட்டைப் போட்டபின் மரத்தை இரு கைகளாலும் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அது அசையக் கூடாது.

தாங்குகழியும் சுருக்கங்கள் சொல்லும் செய்தியும்

இப்போது தாங்குகழியின் மேல்நுனியைப் பாயின் உச்சி மூலையில் உள்ள கண்ணியில் கோக்க வேண்டும். கீழ்நுனியைப் பாய்மரத்தோடு இணைத்துள்ள கயிற்றில் மாட்டி, சிறு கப்பியின் உதவியால் மேலே இழுத்து இறுக்க வேண்டும். அப்போது பாய் விரியும்.

எவ்வளவு இறுக்குவது? அதைப் பாயே சொல்லும். ஒரு கைக்குட்டையை எதிரெதிரான இரு மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்த மூலைகளுக்கு நடுவே ஒரு நீண்ட சுருக்கம் விழும். துணியில் இழுவிசை எந்தக் கோட்டில் மிகுதியோ அந்தக் கோட்டிலேயே சுருக்கம் தோன்றும். பாயிலும் இதே விதிதான். உச்சி மூலையிலிருந்து மரத்தின் அடிப்பக்க மூலைக்குச் சுருக்கம் ஓடினால், தாங்குகழி அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கிறது, சற்றுத் தளர்த்துங்கள். மரத்தின் மேல்பக்க மூலையிலிருந்து அடிக்கழியின் பின்முனைக்குச் சுருக்கம் ஓடினால், தாங்குகழி தளர்ந்திருக்கிறது, இறுக்குங்கள். காற்று வலுத்தால் தாங்குகழி சற்றுத் தளரும். ஆகவே நீரில் இறங்கியபின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

கடைசியாக அமுக்குகயிறு. இது அடிக்கழியைக் கீழ்நோக்கி இழுத்துப் பாய்மரத்தின் அடியோடு பிணைக்கிறது. இது இல்லாவிட்டால், காற்று பின்னாலிருந்து வீசும்போது அடிக்கழி மேலே எழும்பி, பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு முன்னே திரும்பிவிடும். படகு பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கும். வரிசையை நினைவில் கொள்ளுங்கள்: முதலில் தாங்குகழி, பிறகே அமுக்குகயிறு. அமுக்குகயிற்றை முதலில் இறுக்கிவிட்டால் பாய் கீழே இழுபட்டு, தாங்குகழியை உரிய அளவு ஏற்றவே முடியாது. அவிழ்க்கும்போது இந்த வரிசை தலைகீழாகும்.

கையில் இருக்க வேண்டிய கயிறு

தாமான் அடிக்கழியிலும் படகின் தரையிலும் உள்ள கப்பிகளின் வழியே சென்று நம் கைக்கு வருகிறது. கப்பிகள் இருப்பதால் பாயின் இழுப்பில் ஒரு பகுதியே கையில் தெரியும். அதற்கு ஈடாக, அடிக்கழியைச் சிறிது நகர்த்தவும் நீளமான கயிற்றை இழுக்க வேண்டியிருக்கும். கயிறு கப்பிகளில் முறுக்கில்லாமல், எதிலும் குறுக்கிடாமல் ஓடுகிறதா என்று இழுத்தும் விட்டும் பாருங்கள்.

தாமானின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். கயிறு கை நழுவினாலும் கப்பியை விட்டு உருவிப்போகாமல் இது தடுக்கும். ஆனால் தாமானைப் படகில் எங்கும் கட்டி வைக்காதீர்கள். முன்னர் போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு வீச்சுக் காற்று வந்தால் திருப்புதிறன் நான்கு மடங்காகலாம். அந்த நொடியில் தாமானை விட்டால் பாய் கொடியாகிவிடும், படகு நிமிர்ந்துவிடும். கட்டி வைத்த தாமானை அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்திருக்கும். இந்தப் படகில் எல்லாவற்றையும் கட்டச் சொல்லும் பயிற்சியாளர், இந்த ஒரு கயிற்றை மட்டும் கையில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சுக்கானும் நடுப்பலகையும்

சுக்கானின் ஊசிகளைப் படகின் பின்புறமுள்ள வளையங்களில் மாட்டுகிறோம். அதன்மேல் ஒரு சிறு தகட்டுப் பூட்டு இருக்கும். அது ‘கிளிக்’ என்று விழுந்ததா என்று கேட்டு, சுக்கானை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். படகு தலைகீழானால் பூட்டாத சுக்கான் கழன்று போய்விடும். சுக்கானில்லாத படகைத் திசை திருப்புவது பெரும்பாடு.

நடுப்பலகையைப் படகுக்குள் வைத்து, அதன் கயிற்றைப் படகோடு கட்டுங்கள். பிளவில் இறக்குவது நீரில் போதிய ஆழம் வந்த பிறகே. இதைக் கட்டுவது ஏன் என்பதைக் கவிழ்ந்த படகைப் பார்த்தால் புரியும். பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும் படகில் நடுப்பலகை நீருக்கு மேல் படுத்த நிலையில் நீட்டிக்கொண்டிருக்கும். படகோட்டி அதைப் பிடித்துத் தொங்கியோ, அதன்மேல் ஏறி நின்றோ படகை நிமிர்த்துகிறான். 40 கிலோகிராம் எடையுள்ள சிறுவன், தன்னினும் பெரிய படகை நிமிர்த்த முடிவது இந்த நெம்புகோலால்தான். பலகை நழுவிப் போயிருந்தால் நெம்புகோலும் போயிற்று.

இறங்கும் முன் ஒரு சுற்று

எல்லாம் முடிந்ததும் படகை ஒருமுறை சுற்றி வாருங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். காற்றுப் பைகள், குவளை, இழுகயிறு, மரப்பூட்டு, பாய்க்கட்டுகள், தாங்குகழி, அமுக்குகயிறு, தாமான், சுக்கான் பூட்டு, நடுப்பலகைக் கயிறு என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் எதுவும் விட்டுப்போகாது. பிறகு நீங்கள் அணிந்திருக்கும் மிதவை அங்கியின் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் மிதவை அங்கி வேண்டும். களைப்பும் அலையும் நீச்சல் தெரிந்தவரையும் விடுவதில்லை. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்து நிமிர்த்த முடியாமற் போனால் கரையை நோக்கி நீந்த முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தேடி வருகிறவர்களுக்குத் தலையைவிடப் படகே எளிதில் கண்ணுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபின்னும் வேலை உண்டு. படகின் முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, அமுக்குகயிறு, தாங்குகழி, பூட்டு, மரம் என்ற வரிசையில் அவிழ்த்து, எல்லாவற்றையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். கடல்நீர் உலரும்போது உப்புப் படிகங்கள் தங்கும். அவை கப்பிகளை இறுக வைக்கும். பாய்த்துணியின் இழைகளை அராவும். இன்று கழுவாத கப்பி அடுத்த முறை தாமானை விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடும்.

தமிழ்நாட்டிலும் இக்கலைக்கு இடமுண்டு. 1911-இல் தொடங்கப்பெற்ற ராயல் மதராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்றார்; இவ்விளையாட்டில் அத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவர் ஒலிம்பிக்கில் செலுத்தியதும் ஒருவர் மட்டுமே அமரும் சிறு படகுதான். அத்தகைய படகில் முடிச்சைச் சரிபார்க்க இன்னொருவர் இல்லை.

அடுத்த முறை கடலில் ஒரு பாயைக் காணும்போது, அதன் சுருக்கங்களைக் கவனியுங்கள். அடிக்கழி படிந்து நிற்கிறதா, எழும்புகிறதா என்று பாருங்கள். கரையில் அந்தப் படகை எவ்வளவு கவனமாகப் பூட்டினார்கள் என்பதை நீங்கள் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.